யாழ்ப்பாணத்தில் இருதய அறுவை மருத்துவமும் மருத்துவத் தமிழும்: ஒரு சமூக வரலாற்று நோக்கு

மருத்துவ வரலாறு என்ற பெயரில் தமிழில் வெளிவந்துள்ள எழுத்துக்களைப் பொதுவாக இரு வகைப்படுத்தலாம். பெயர்பெற்ற வைத்தியர்களின் வாழ்க்கைக் குறிப்புக்களாக அமைவன ஒரு வகை. நவீன மருத்துவம் கண்டறிந்தவை யாவும் நம் முன்னோரின் ஏடுகளில் முன்னரே உள்ளன என நிறுவ முனைவன மற்றொரு வகை. இரண்டிலும் நோயாளிக்கு இடமில்லை. அவர் எத்தகைய வீட்டில் வாழ்ந்தார், அவரைப் பீடித்த வருத்தம் யாது, அதற்கான சிகிச்சை உலகில் எங்கே எப்போது தோன்றிற்று, அது அவரிடம் வந்துசேர எத்துணைக் காலம் சென்றது, வந்தபோது எந்த மொழியில் அவரோடு பேசிற்று என்னும் வினாக்கள் எழுப்பப்படுவது அரிது. இலக்கிய வரலாற்றைப் பயில்பவன் அறுவை மருத்துவத்தைப் பற்றி எழுதுவதற்குரிய நியாயம் அந்த இறுதி வினாவிலேயே தங்கியுள்ளது.

இருதய வால்வு நோயையும் அதன் அறுவைச் சிகிச்சையையும் இங்கு எடுத்துக்கொள்வதற்குக் காரணம் உண்டு. இந்நோய் வறுமையோடு நேரடித் தொடர்புடையது. இதன் அறுவைச் சிகிச்சை இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் உருவாகி வளர்ந்தது. அதற்கு ஏறத்தாழ எண்பது ஆண்டுகளுக்கு முன்னரே யாழ்ப்பாணத்தில் உடற்கூற்றியலும் அறுவை மருத்துவமும் தமிழில் கற்பிக்கப்பட்டன. அவற்றுக்குரிய நூல்கள் தமிழில் அச்சேறின. ஆயினும் அறுவை வந்தபோது அத்தமிழ் அங்கிருக்கவில்லை. இடையில் நிகழ்ந்தது யாது என்பதே இக்கட்டுரையின் பொருள்.

நோயின் இயல்பை முதலில் நோக்குவோம். இருதயத்தின் இடப்பக்கத்தில் மேலறையாகிய சோணையறைக்கும் கீழறையாகிய இதயவறைக்கும் இடையே இரு மடல்களையுடைய வால்வு ஒன்று உண்டு. நுரையீரலிலிருந்து வரும் குருதியைக் கீழே விடுவதும், அது மீண்டும் மேலே செல்லாது தடுப்பதும் அதன் தொழில். ஐந்து முதல் பதினைந்து வயதுவரையுள்ள பிள்ளைகளுக்கு ஸ்ரெப்ரோகொக்கசு என்னும் நுண்ணுயிரால் தொண்டைநோ ஏற்பட்டு, அது தக்க சிகிச்சையின்றி விடப்படின், சிலருக்கு இரண்டு மூன்று வாரங்களின் பின் மூட்டுவாதக் காய்ச்சல் தோன்றும். நுண்ணுயிரை எதிர்க்க எழுந்த உடலின் காப்புச் சக்தி தன் சொந்த இழையங்களையே தாக்குவதால் இது நேர்கிறது. மூட்டுக்களின் வீக்கம் சில வாரங்களில் வற்றிவிடும். வீட்டாரும் அதனை மறந்துவிடுவர். ஆனால் இருதய வால்வில் விழுந்த தழும்பு வற்றுவதில்லை. காய்ச்சல் திரும்பத் திரும்ப வரும்போது தழும்பு தடித்து, மடல்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். 4 முதல் 6 சதுர சென்ரிமீற்றர்வரை திறக்கவேண்டிய வாயில் காலப்போக்கில் 1 சதுர சென்ரிமீற்றராகவும் அதற்குக் குறைவாகவும் சுருங்கிவிடும். குருதி முன்செல்ல வழியின்றி நுரையீரலில் தேங்கும். நடந்தால் இளைப்பு, பின்னர் இருந்தாலும் இளைப்பு, இரவில் நீட்டி நிமிர்ந்து படுக்கமுடியாமை, கால் வீக்கம், வயிற்றில் நீர் என நோய் முற்றும். இந்நிலையையே மருத்துவர் இருதயச் செயலிழப்பு என்பர்.

யாழ்ப்பாணப் பேச்சுவழக்கில் மூச்செடுக்க இயலாமையைக் குறிக்க 'முட்டு', 'தொய்வு' ஆகிய சொற்கள் உள்ளன. இவை நுரையீரல் நோயையும் இருதய நோயையும் வேறுபடுத்துவதில்லை. இதனை மக்களின் அறியாமை எனக் கொள்ளுதல் தவறாகும். ஐரோப்பிய மருத்துவமும் நெஞ்சறையைத் தட்டியும் காது வைத்துக் கேட்டும் பின்னர் பிணத்தை அறுத்தும் ஒப்புநோக்கிய பின்னரே, அதாவது பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே, இவ்வேறுபாட்டைத் தெளிவாக வரையறுத்தது. அதற்கு முன் அங்கும் இளைப்பு இளைப்பாகவே இருந்தது. 1785ஆம் ஆண்டு வில்லியம் விதரிங் என்னும் ஆங்கில வைத்தியர், கால் வீக்கத்துக்குரிய மருந்தாக டிஜிற்றாலிஸ் இலையை அறிமுகஞ்செய்து நூல் எழுதினார். அவருக்கு அவ்வழியைக் காட்டியது நாட்டுப்புற மூதாட்டி ஒருத்தியின் கைமருந்து என்பதும், மூதாட்டியின் பெயர் வரலாற்றில் நிலைக்கவில்லை என்பதும் போகிறபோக்கில் குறிக்கத்தக்கன.

இந்நோயை வறுமையோடு இணைத்தமை உணர்ச்சிவயமான கூற்றன்று. தொண்டைநோ நெருக்கத்தால் பரவுவது. ஒரே அறையில் பலர் உறங்கும் வீடுகளும் வைத்தியரை நாடுவதற்குரிய வசதியின்மையும் அதன் களம். ஐரோப்பாவிலும் வட அமெரிக்காவிலும் தொழிலாளர் குடியிருப்புக்களில் ஒரு காலத்தில் மலிந்திருந்த மூட்டுவாதக் காய்ச்சல், பெனிசிலின் பயன்பாட்டுக்கு வருமுன்னரே, வீடமைப்பும் ஊட்டமும் மேம்பட்டமையால் குறையத் தொடங்கிவிட்டது. இன்று உலகில் நான்கு கோடிக்கு மேற்பட்டோர் மூட்டுவாத இருதய நோயுடன் வாழ்கின்றனர். அவர்களுள் மிகப் பெரும்பாலோர் ஆசிய, ஆபிரிக்க, பசிபிக் நாடுகளின் ஏழைகள். ஒரே நோய் ஓரிடத்தில் வரலாறாகவும் இன்னோரிடத்தில் அன்றாடமாகவும் இருப்பது அந்நாடுகளின் தட்பவெப்பத்தால் ஏற்பட்டதன்று.

இனி யாழ்ப்பாணத்து நிலையை நோக்கலாம். இங்கு நிலவிய வைத்திய மரபு சித்த மரபாகும். ஆரியச் சக்கரவர்த்திகள் காலத்தோடு தொடர்புபடுத்தப்படும் செகராசசேகரம், பரராசசேகரம் ஆகியன செய்யுள் வடிவிலமைந்த வைத்திய நூல்கள். அவை ஏட்டிலிருந்தவரை பரியாரிமாரின் குடும்பச் சொத்தாக, நிலத்தைப் போலவே வழிவழிக் கையளிக்கப்பட்டு வந்தன. முறிந்த எலும்பைக் கட்டுதல், கட்டியைக் கீறுதல், காரமிடுதல், சுடுதல் முதலிய கைவினைகளும் இம்மரபில் உண்டு. ஆனால் உடலின் உட்புறத்தைத் திறந்து நோக்கும் அறுவை இதில் வளரவில்லை. பிணத்தைத் தொடுதல் தீட்டு எனவும், தொடுவோர் தாழ்ந்தோர் எனவும் வகுத்த நிலமானியச் சாதியமைப்பில் அது வளர்ந்திருத்தல் அரிது. அறிவு ஒரு சாதியிடமும் கைவேலை இன்னொரு சாதியிடமும் பிரிந்துகிடந்த சமூகத்தில் அறுவை மருத்துவத்துக்குச் சமூக அடித்தளம் இருக்கவில்லை எனலாம்.

இச்சூழலிலேயே அமெரிக்க மிஷன் வந்தது. 1820ஆம் ஆண்டு பண்டத்தரிப்பில் ஜோன் ஸ்கடர் தம் வைத்தியப் பணியைத் தொடங்கினார். 1847இல் வந்த சாமுவேல் பிஸ்க் கிறீன் 1848 முதல் மானிப்பாயைத் தம் நிலையமாக்கினார். கிறீன் பிறந்தது 1822இல். ஆறுமுக நாவலர் பிறந்த ஆண்டும் அதுவே. ஒருவர் சமயத்துக்காகத் தமிழ் வசனத்தைச் செப்பனிட்ட காலத்திலேயே மற்றவர் உடற்கூற்றியலுக்காக அதனை வளைத்தார். நம் இலக்கிய வரலாறுகள் முன்னவரின் வசனத்தை விரிவாகப் பேசுகின்றன. பின்னவரது வசனம் வசனமாகவே கொள்ளப்படவில்லை. கரோல் விசுவநாதபிள்ளையின் 'வீசகணிதம்' 1855இல் வெளிவந்தது என்பதையும் இணைத்து நோக்கின், பத்தொன்பதாம் நூற்றாண்டு ஈழத்துத் தமிழ் வசனத்தின் வரலாற்றைச் சமய கண்டனங்களுக்குள் அடக்கிவிட முடியாது என்பது புலப்படும்.

கிறீன் தொடக்கத்தில் ஆங்கிலத்திலேயே கற்பித்தார். இடையில் தாயகம் சென்று 1862இல் திரும்பிய பின்னர் தமிழுக்கு மாறினார். இம்மாற்றத்தைத் தமிழ்ப்பற்று எனப் போற்றுவோர் உளர். அவரிடத்துப் பற்று இருந்தமை உண்மை. தம் மாணவர் ஐரோப்பியரைப் போல உடுத்துத் தம் மக்களிடமிருந்து விலகுவதை அவர் விரும்பவில்லை. ஆனால் அடிப்படைக் காரணம் தொழிற்சந்தையிலேயே இருந்தது. ஆங்கிலத்தில் வைத்தியம் கற்றவன் கிராமத்தில் தங்குவதில்லை; அரசாங்க உத்தியோகத்தையும் வெளியூர்ச் சம்பளத்தையும் நாடிச் சென்றான். தமிழில் கற்றவனுக்கு யாழ்ப்பாணத்தை விட்டால் வேறு போக்கிடமில்லை. கிராமத்தில் வைத்தியன் தங்கவேண்டுமாயின் அவன் தமிழில் கற்றவனாதல் வேண்டும் என்பதே கிறீனின் கணிப்பு. 1854-55இல் ரூபஸ் அண்டர்சன் தலைமையில் வந்த தூதுக்குழுவின் பின் மிஷன் தாய்மொழிக் கல்வியை வற்புறுத்தியதும், 1855இல் வட்டுக்கோட்டை செமினரி மூடப்பட்டதும் இப்பின்னணியில் வைத்து நோக்கற்பாலன. ஆங்கிலம் உத்தியோகத்துக்கு ஏணியானதை மிஷனே கண்டு சலித்திருந்தது.

பலன் வியக்கத்தக்கதாய் அமைந்தது. அங்காதிபாத நூலும் 'பிரசவ வைத்திய'மும் 1857இலும், 'இரண வைத்தியம்' 1867இலும், கிறேயின் உடற்கூற்று நூலைத் தழுவிய 'மனுஷ அங்காதிபாதம்', மருத்துவத்துக்குரிய 'வைத்தியாகரம்' ஆகியன 1872இலும், 'கெமிஸ்தம்' 1875இலும் வெளிவந்தன. மாணவரும் உதவியாளருமாகப் பலர் சேர்ந்து உழைத்த இவ்வேலை மொத்தத்தில் நாலாயிரத்துக்கு மேற்பட்ட பக்கங்களாகும். அவரிடம் கற்று வெளியேறிய வைத்தியர் தொகை அறுபதுக்கு மேற்பட்டது. கலைச்சொற்களுக்கு முதலில் தமிழையும், அதிலில்லாதவிடத்து வடமொழியையும், அதுவும் உதவாதவிடத்து ஆங்கிலச் சொல்லின் தமிழ் வடிவத்தையும் அவர் நாடினார். 'அங்காதிபாதம்' என்ற பெயர் நம் வைத்திய மரபிலும் வழங்கியதே. பாதாதிகேசம் பாடிய கவிஞரின் சொற்கட்டும் அதிலே எதிரொலிக்கிறது. 'கெமிஸ்தம்' எனும் சொல்லைக் கண்டு நகைப்போர் உண்டு. எனக்கோ அது நேர்மையான சொல்லாகவே படுகிறது. புதுப்பொருள் வெளியிலிருந்து வந்தது என்பதை அது மறைக்கவில்லை. அதேவேளை தமிழிலே வேற்றுமை உருபேற்று நடக்கவும் ஆயத்தமாகிவிட்டது.

இம்முயற்சி ஏன் நிலைக்கவில்லை? தமிழால் இயலவில்லை என்பது விடையாகாது. 1867இன் அறுவை நூலும் 1872இன் உடற்கூற்று நூலும் அதனை மறுக்கின்றன. 1870இல் கொழும்பில் அரசாங்க மருத்துவக் கல்லூரி தொடங்கப்பட்டது. அதன் மொழி ஆங்கிலம். அரசாங்கத்தின் அங்கீகாரமும் சம்பளமும் ஓய்வூதியமும் அதன் சான்றிதழுக்கு உரியவாயின. தமிழில் கற்ற வைத்தியருக்குக் கிராமத்தார் தரும் நெல்லும் சில்லறையுமே வருவாய். புகையிலை வருமானத்தில் பிள்ளைகளைப் படிப்பித்து உத்தியோகத்துக்கு அனுப்பிய யாழ்ப்பாணத்து நடுத்தர வர்க்கம் எதைத் தெரிந்தெடுத்திருக்கும் என்பதற்கு ஆராய்ச்சி வேண்டியதில்லை. அவ்வர்க்கத்தின் வீட்டுச் சீதனப் பேச்சில் 'டொக்டர்' என்ற சொல்லுக்கு இருந்த விலை அதன் ஆங்கிலத்தினாலேயே கிடைத்தது. கிறீன் 1873இல் தாயகம் திரும்பினார். அங்கிருந்தும் மொழிபெயர்ப்பை விடாது தொடர்ந்து 1884இல் மறைந்தார். 'மனுஷ சுகரணம்' 1883இல் வெளிவந்தபோது அதனைப் பாடநூலாகக் கொள்வதற்குத் தமிழ் மருத்துவ வகுப்பு நிலைத்திருக்கவில்லை. நூல் இருந்தது, அதனைப் பயன்படுத்தும் உற்பத்தி உறவு இல்லாதொழிந்தது.

கிறீனின் நாளில் இருதயம் அறுவைக்கு அப்பாற்பட்டதாகவே எங்கும் கருதப்பட்டது. எனவே அவர் நூல்கள் தொடர்ந்து வளர்ந்திருப்பின் இருதய அறுவையும் தமிழில் எழுதப்பட்டிருக்கும் எனத் திட்டவட்டமாகக் கூறுவது கற்பனையாகும். எனினும் அவ்வறுவை எவ்வாறு பிறந்தது என்பதை அறிந்தாலன்றி அது எம்மிடம் வந்த விதத்தை விளங்கிக்கொள்ள முடியாது.

சுருங்கிய வால்வை அறுத்துத் திறக்கலாம் என 1902இல் இலண்டனில் லோடர் பிரண்டன் எழுதியபோது மருத்துவ உலகம் அவரைக் கண்டித்தது. 1923இல் பொஸ்ரனில் எலியற் கற்லர் பன்னிரண்டு வயதுச் சிறுமி ஒருத்திக்குக் கத்தியை உட்செலுத்தி அறுவை செய்தார். அவள் நான்காண்டுக்கு மேல் வாழ்ந்தாள். ஆனால் தொடர்ந்து அறுவைக்குள்ளானோருள் பெரும்பாலோர் இறந்தனர். அடைபட்ட வாயிலைத் திறக்க முனைந்த கற்லரின் கருவி மடலின் ஒரு பகுதியை வெட்டியகற்றியது. அதனால் குருதி பின்னோக்கிப் பாய்ந்தது. ஒரு நோயின் இடத்தை இன்னொன்று பிடித்துக்கொண்டது. 1925இல் இலண்டனில் ஹென்றி சூற்றர் வேறு வழியை நாடினார். இருதயத்தின் மேலறையில் சிறு துளையிட்டு, அதனூடாகத் தம் சுட்டுவிரலை உட்புகுத்தி வால்வைத் தடவியறிந்து அதனை நெகிழ்த்தினார். அவர் கண்ணால் எதையும் காணவில்லை. துடிக்கும் இருதயத்தின் உள்ளே விரல் நுனியே கண்ணாயிற்று. நோயாளியான பெண் சில ஆண்டுகள் வாழ்ந்தாள். அறுவை வெற்றியே. ஆயினும் அதன் பின் சூற்றரிடம் எந்த வைத்தியரும் நோயாளியை அனுப்பவில்லை. நோய் வால்வில் இல்லை, இருதயத் தசையிலேயே உள்ளது என்பது அக்கால வைத்தியப் பிரபுக்களின் கோட்பாடு. தவறான கோட்பாடு சரியான விரலைத் தடுத்து நிறுத்திற்று. (தொட்டறியும் அறிவைத் தாழ்வாக மதிப்பது எம் சமூகத்துக்கு மட்டும் உரிய குணமன்று போலும்.)

இருபத்து மூன்று ஆண்டுகள் கழிந்தன. இடைப்பட்ட காலத்தில் நிகழ்ந்தது போர். இரண்டாம் உலகப் போரில் அமெரிக்கப் படையின் அறுவை மருத்துவராக இங்கிலாந்தில் பணிபுரிந்த டுவைற் ஹார்க்கன், போர்வீரரின் இருதயத்திலும் அதனைச் சூழ்ந்த பெருங்குழாய்களிலும் தைத்திருந்த 134 உலோகத் துண்டுகளை ஓர் உயிரும் இழக்காது வெளியே எடுத்தார். குருதியேற்றம், மயக்க மருந்து, பெனிசிலின் ஆகியன போரின் தேவைக்காகப் பெருமளவில் வளர்ந்திருந்தன. 1948 யூன் 10ஆம் நாள் பிலடெல்பியாவில் சார்ள்ஸ் பெய்லி வெற்றிகரமாக வால்வைத் திறந்தார். அதற்கு முன் அவரது கையில் நால்வர் இறந்திருந்தனர். ஆறு நாட்களின் பின் ஹார்க்கனும், அவ்வாண்டு செப்ரெம்பரில் இலண்டனில் றசல் புறொக்கும் அதனைச் செய்தனர். மூவருள் எவரை முன்னோடி எனக் கொள்வது என்ற விவாதம் எமக்கு வேண்டாதது. தனிமனித மேதைமை 1925இலும் இருந்தது. அதற்குரிய பொருளாயத நிலைமைகள் 1948இலேயே முதிர்ந்தன.

1953இல் ஜோன் கிபனின் இருதய-நுரையீரல் பொறி பயன்பட்டதோடு இருதயத்தை நிறுத்திவைத்து உள்ளே கண்ணால் நோக்கி அறுப்பது இயல்வதாயிற்று. 1960இல் அல்பேட் ஸ்ரார், பொறியியலாளர் லொவல் எட்வேட்ஸ் ஆகியோர் ஆக்கிய, கூண்டுக்குள் பந்து வைத்த செயற்கை வால்வு மனித இருதயத்தில் நிலைபெற்றது. 1967இல் கேப்ரவுணில் கிறிஸ்ரியான் பானாட் செய்த இருதய மாற்று அறுவையைப் பத்திரிகைகள் கொண்டாடின. வறிய நாடுகளின் நோக்கில், பழுதடைந்த வால்வை விரலால் விரித்த எளிய அறுவையே அதனிலும் பெருநிகழ்வாகும். அதற்குப் பெரும்பொறி வேண்டியதில்லை. தேர்ந்த கையும் மயக்க மருந்தும் ஓரளவு வசதியுள்ள வைத்தியசாலையும் போதும்.

இவ்விடத்தில் வரலாறு மீண்டும் பண்டத்தரிப்பைத் தொட்டுச் செல்கிறது. அங்கு பணிபுரிந்த ஜோன் ஸ்கடர் 1836இல் சென்னைக்குச் சென்றார். அவருடைய பேத்தி ஐடா ஸ்கடர் நிறுவியதே வேலூர்க் கிறித்துவ மருத்துவக் கல்லூரி. 1940களின் இறுதியில் அங்கு வந்த றீவ் பெற்ஸ் என்னும் அமெரிக்க அறுவை மருத்துவரால் இந்தியாவின் முதலாவது நெஞ்சறை அறுவைத் துறை உருவாயிற்று. திறந்த இருதய அறுவையை இந்தியாவில் 1960களின் தொடக்கத்தில் மேற்கொண்ட நிலையங்களுள்ளும் வேலூர் இடம்பெற்றது. தலைமன்னாரிலிருந்து இராமேசுவரத்துக்குக் கப்பல் ஓடிய காலத்தில் யாழ்ப்பாணத்து நோயாளரும் வேலூரை நாடிச் சென்றனர். செல்ல முடிந்தவர், விற்பதற்குக் காணியோ ஈடுவைப்பதற்கு நகையோ உடையவர் என்பதைக் கூறவேண்டியதில்லை. யாழ்ப்பாணத்திலிருந்து புறப்பட்ட ஒரு மருத்துவ மரபின் கனியைப் பெற யாழ்ப்பாணத்தவர் கடல் கடக்கவேண்டியதாயிற்று.

இலங்கையில் நிலைமை ஒருவகையில் மேம்பட்டிருந்தது. 1930களின் மலேரியாக் கொள்ளைநோயும், சர்வசன வாக்குரிமையும், இடதுசாரி இயக்கத்தின் அழுத்தமும் சேர்ந்து இலவச மருத்துவத்தை ஒரு சமூக உரிமையாக்கின. நெஞ்சறை அறுவை மருத்துவத்தைக் கொழும்பில் வேரூன்றச் செய்தோருள் ஏ. ரி. எஸ். போல் ஒருவர். கொழும்புப் பொது வைத்தியசாலையின் அறுவைக்கூடத்தில் மட்டுவில் கமக்காரனுக்கும் மகாவலிக் கமக்காரனுக்கும் கட்டணம் இல்லை. ஆனால் பயணத்துக்கும் தங்குமிடத்துக்கும் காத்திருக்கும் மாதங்களில் இழக்கும் கூலிக்கும் கணக்கு உண்டு. 1850இல் பெர்சிவல் டைக் அரசாங்க அதிபராக இருந்த காலத்தில் நண்பர் உதவிச் சங்க வைத்தியசாலையாகத் தோன்றி, 1907இல் அரசாங்கத்தின் கைக்கு வந்த யாழ்ப்பாண வைத்தியசாலையில், நாட்டின் சிறப்பு மருத்துவம் யாவும் தலைநகரில் குவிந்தமையால், திறந்த இருதய அறுவை 2010களின் பிற்பகுதிவரை இடம்பெறவில்லை.

தாமதத்துக்குப் போரும் ஒரு காரணம். ஹார்க்கனின் கையைப் பழக்கிய போர் ஒன்று. எம்மவரின் வழியை அடைத்த போர் இன்னொன்று. 1987 ஒக்ரோபரில் யாழ்ப்பாண வைத்தியசாலையினுள்ளேயே மருத்துவரும் தாதியரும் நோயாளரும் கொல்லப்பட்டனர். 1990 நவம்பர் முதல் அவ்வைத்தியசாலை செஞ்சிலுவைச் சர்வதேசக் குழுவின் பாதுகாப்பில் இயங்கியது. 1995 ஒக்ரோபர் இறுதியில் வலிகாமத்து மக்கள் இலட்சக்கணக்கில் தென்மராட்சிக்கு இடம்பெயர்ந்தனர். கொழும்புக்குச் செல்லும் ஏ-9 வீதி 2002இல் திறக்கப்பட்டு 2006 ஆகஸ்ற்றில் மீண்டும் மூடப்பட்டு 2009இலேயே திறந்தது. மூட்டுவாதக் காய்ச்சல் ஒருமுறை வந்த பிள்ளைக்கு மூன்று நான்கு வாரங்களுக்கு ஒருமுறை, ஆண்டுக்கணக்கில், நீண்டநாள் வேலைசெய்யும் பெனிசிலின் ஊசி இடப்படல் வேண்டும். விலையால் மிக மலிவான இவ்வூசியின் பயன் அதன் ஒழுங்கிலேயே தங்கியுள்ளது. வீதியடைப்பும் இடப்பெயர்வும் ஒழுங்கையே முதலில் குலைப்பன. 1990இல் வலிகாமம் வடக்கிலிருந்து பெயர்ந்தோர் சிலர் கால் நூற்றாண்டுக்குப் பின்னரும் முகாம் குடில்களில் வாழ்ந்தனர். தொண்டைநோ பரவுவதற்கு இதனினும் ஏற்ற களம் வேறு வேண்டுமா? அறுவைக்கூடத்தைப் பற்றிப் பெருமையுடன் செய்தி வெளியிடும் எம் பத்திரிகைகள், அம்முகாம்களில் ஓர் அறைக்கு எத்தனை பேர் என எண்ணிப் பார்த்திருப்பின் இருதய நோய் பற்றி மேலும் பயனுள்ள செய்தியை வெளியிட்டிருக்கும்.

இன்று வால்வைத் திறக்கப் பெரும்பாலும் நெஞ்சைப் பிளக்கவேண்டியதில்லை. யப்பானிய அறுவை மருத்துவர் கஞ்சி இனோவே 1980களின் தொடக்கத்தில் ஆக்கிய பலூனைத் தொடையின் நாளத்தினூடாக இருதயத்துக்குள் செலுத்தி வாயிலை விரிக்க முடிகிறது. மடல்கள் சுண்ணமேறிக் கெட்டியானோருக்கே மாற்று வால்வு வேண்டும். இறக்குமதி வால்வின் விலையை ஏழை நாடுகள் தாங்கா என்பதால் திருவனந்தபுரம் சித்திரைத் திருநாள் நிறுவனத்தில் எம். எஸ். வலியத்தான் குழுவினர் சொந்த வால்வு ஒன்றை ஆக்க முனைந்தனர். முதல் மூன்று மாதிரிகளும் தோல்வியுற்றன. நான்காவது மாதிரி 1990 டிசெம்பரில் நோயாளி ஒருவருக்குப் பொருத்தப்பட்டது. சென்னை ரி.ரி.கே. நிறுவனம் அதனை உற்பத்தி செய்தது. இறக்குமதி வால்வின் விலையில் சிறு பகுதிக்கே அது கிடைத்தது. ஒரு இலட்சத்துக்கு மேற்பட்டோரின் நெஞ்சில் அது இயங்கியுள்ளது. ஏழை நாட்டு விஞ்ஞானத்தின் சுயசார்புக்கு இதனைவிடத் தக்க சான்று காட்டல் அரிது.

செயற்கை வால்வு பொருத்தப்பட்டதுடன் சிகிச்சை முடிவதில்லை. உலோக வால்வில் குருதி உறைந்துவிடாதிருக்க வாழ்நாள் முழுவதும் வோபரின் மருந்து உட்கொள்ளவேண்டும். அளவு கூடின் குருதிப்பெருக்கு, குறையின் அடைப்பு. குருதியை இடையிடையே சோதித்தல், கீரை வகைகளை ஒரே அளவில் உண்ணல், வேறு மருந்துகளைக் கேளாது உட்கொள்ளாமை என விதிகள் பல. இந்நோய் பெண்களிடையே மிகுதி. பலருக்கு அது கருவுற்றிருக்கும்போதே, குருதியின் அளவு கூடி இருதயம் ஈடுகொடுக்க முடியாதபோதே, முதன்முதல் வெளிப்படும். வோபரின் கருவுக்குத் தீங்கானது. விலங்கின் இழையத்தாலாகிய வால்வுக்கு அம்மருந்து நெடுநாள் வேண்டுவதில்லை. ஆனால் இளவயதினரில் அது விரைவில் தேய்ந்து மறு அறுவையை வேண்டும். ஆகவே இருபத்தைந்து வயதுப் பெண்ணொருத்தி எந்த வால்வைத் தெரிவது என்பது அவளுடைய தாய்மை, ஆயுள், வருவாய் அனைத்தையும் தொடும் முடிவு. நெஞ்சின் நடுவே நீளும் தழும்பு கலியாணச் சந்தையில் அவளுக்குக் குறைக்கும் மதிப்பையும் சேர்த்துக்கொள்க. இம்முடிவை அவள் எந்த மொழியில் எடுக்கிறாள்?

சொற்கள் இல்லாமலில்லை. 1950களின் பிற்பகுதியிலிருந்து அரசகரும மொழித் திணைக்களம் வெளியிட்ட சொற்றொகுதிகளும் பாடசாலை நூல்களும் சோணையறை, இதயவறை, நாடி, நாளம், இருகூர் வால்வு, முக்கூர் வால்வு, அரைமதி வால்வு என்னும் சொற்களை நிலைநாட்டியுள்ளன. தமிழ்நாட்டுப் பாடநூல்கள் தமனி, சிரை என்பவற்றை நாம் நாடி, நாளம் என்கிறோம். கற்றோர் இதனைப் பொருட்படுத்தார், வேலூரிலிருந்து கொண்டுவந்த விளக்கத்தாளை வாசிக்கும் நோயாளி மருள்வார். ஆங்கிலத்தின் 'மைற்றல்' என்ற பெயர் ஆயர் அணியும் தொப்பியிலிருந்து வந்தது. தமிழின் 'இருகூர்' அத்தொப்பியைக் கழற்றிவிட்டு உறுப்பின் வடிவத்தை மட்டும் கூறுகிறது. 'அரைமதி'யிலே கவிதையும் உண்டு. உயர்தர வகுப்பில் உயிரியல் பயிலும் மாணவி இவற்றையெல்லாம் தமிழில் எழுதிச் சித்தியடைகிறாள். மருத்துவ பீடத்துள் நுழையும் முதல்நாளே அவற்றைக் கீழே வைத்துவிடுகிறாள். யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் 1978இல் தொடங்கிய மருத்துவ பீடத்தின் போதனாமொழியும் ஆங்கிலமே. கிறீனின் வகுப்பு நடந்த மானிப்பாயிலிருந்து அப்பீடம் சில கல் தொலைவிலேயே உள்ளது.

ஆங்கிலத்தை அகற்றுக என வாதிடுவது இக்கட்டுரையின் நோக்கமன்று. உலக மருத்துவத்தின் நடப்பு ஏடுகள் அம்மொழியிலேயே வெளிவருகின்றன. அதனை அறியாத மருத்துவர் நோயாளிக்கே தீங்காவார். தமிழில் கற்பித்தாலே மருத்துவம் மக்கள்மயமாகிவிடும் என்னும் மொழித் தேசியவாதமும் வரலாற்றால் மெய்ப்பிக்கப்படவில்லை. கிறீனைச் சிலை வைத்து வணங்குவோர் அவரது நூலின் ஒரு பக்கத்தையேனும் மருத்துவ மாணவர் கையில் கொடுத்ததில்லை. ஆயினும் விரிவுரை மண்டபத்தின் மொழி வேறு, நோயாளர் விடுதியின் மொழி வேறு என்றிருக்கும்வரை இரண்டுக்குமிடையே உள்ள தூரத்தை ஒவ்வொரு மாணவரும் தனித்தனியே, வழிகாட்டி நூலின்றி, தாம் அறிந்த சொற்களைக்கொண்டே கடக்கவேண்டியுள்ளது. இருகூர் வால்வின் ஒடுக்கம் எனத் தாம் உயர்தரத்தில் எழுதியதை எவரும் கட்டிலருகே கூறுவதில்லை. இருதயத்தில் ஒரு கதவு இருக்கிறது, அது இறுகிவிட்டது, விரிக்கவேண்டும் என்று கூறுகிறார்கள். நோயாளி தலையசைக்கிறார், சம்மதத் தாளில் கையெழுத்திடுகிறார். பின்னர், மருத்துவர் அடுத்த கட்டிலுக்குச் சென்றபின், அருகிலிருக்கும் தாதியிடம் அந்தக் கதவு எந்தப் பக்கம் திறக்கும் எனக் கேட்கிறார்.